கயிறு பிடிக்கத் தெரிந்தவரே மீட்பு டைவர்

ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது, பவளப்பாறைகளையும் ஆமைகளையும் பார்த்தாயிற்று, இனி மீட்புப் பணியிலும் இறங்கிவிடலாம் என்ற நினைப்போடு காவல்துறை அல்லது தீயணைப்புத் துறையின் முக்குளிப்புக் குழுவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் போனேன். பயிற்சி முடித்துப் பல வருடங்கள் கரையிலும் தண்ணீருக்கு அடியிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொழுதுபோக்கு ஸ்கூபாவும் காவல்துறை, தீயணைப்புத் துறை டைவர்களின் வேலையும் வேறு வேறு தொழில்கள். முதுகில் இருக்கும் சிலிண்டர் ஒன்றுதான் பொது.

பொழுதுபோக்கு டைவர் நாளைப் பார்த்து, கடலைப் பார்த்து இறங்குகிறார். அலை சரியில்லை என்றால் அறைக்குத் திரும்பிவிடலாம். பக்கத்தில் ஒரு துணை நீந்துவார். கண்ணால் பார்த்துத்தான் எல்லாம் நடக்கும். எங்களுக்கு இடத்தையும் நேரத்தையும் விபத்துதான் முடிவு செய்கிறது. கால்வாய், கல்குவாரிக் குட்டை, பாலத்தடி, மழைவெள்ளம் தேங்கிய பள்ளம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கவேண்டி வரும். அடியில் இருக்கும் வண்டலில் ஒருமுறை கை பட்டால் போதும், அதன்பின் மாஸ்க் கண்ணாடியில் ஒட்டிவைத்த விரல்கூடத் தெரியாது. அந்தத் தண்ணீரில் துணையோடு இறங்கினால் இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்கவேண்டியதுதான். ஆகவே ஒருவர் மட்டும் இறங்குகிறார், இடுப்பில் கயிற்றோடு. அந்தக் கயிற்றின் கரைப்பக்க முனையில் இருப்பவர்தான் அவருக்குத் துணை, கண், திசைகாட்டி எல்லாம்.

2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜூலை 2ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு குகை டைவர்கள். அதில் ஒருவரான ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அங்கிருந்த தாய்லாந்துக் கடற்படைச் சிறப்புப் படையினர் உடல்வலுவிலும் துணிச்சலிலும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கலங்கல் நீர், குறுகிய வழி, தலைக்குமேல் பாறை என்ற அந்தச் சூழலிலேயே ஆண்டுக்கணக்கில் ஊறிப்போனவர்களைத்தான் தேடி அழைத்துவர வேண்டியிருந்தது. அந்தப் படையின் முன்னாள் வீரர் சமன் குனான், காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஜூலை 6 அன்று உயிரிழந்தார். எந்தத் தண்ணீரில் வேலையோ அந்தத் தண்ணீரில் பயிற்சி வேண்டும் என்று எங்கள் பயிற்றுநர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குகைதான் நினைவுக்கு வரும்.

பயிற்சி நீச்சல் குளத்தில்தான் தொடங்கும். முதலில் உடல்திறன் தேர்வு. பல குழுக்கள் பின்பற்றுவது ஐ.ஏ.டி.ஆர்.எஸ். என்ற சர்வதேச மீட்பு டைவர் சங்கத்தின் அளவுகோல். 500 கெஜம் நிற்காமல் நீந்தவேண்டும். 15 நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்கவேண்டும், அதில் கடைசி இரண்டு நிமிடம் கைகள் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும். காலில் ஃபின்ஸ் என்ற துடுப்பும் வாயில் ஸ்னார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் போட்டு 800 கெஜம், பிறகு அசையாமல் கிடக்கும் ஒருவரை 100 கெஜம் இழுத்துவருதல். கேட்க எளிதாக இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் பலருக்கு முகம் வெளுத்துவிடும்.

அடுத்த கட்டத்தில் மாஸ்க் கண்ணாடியை உள்பக்கமாகக் கறுப்பு டேப்பால் மறைத்துவிடுவார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்களே, அப்படித்தான் இருக்கும்; காட்டிலாவது கீழே தரை என்று ஒன்று நிச்சயமாக உண்டு. இங்கே மேல் எது கீழ் எது என்பதே சில நிமிடங்களில் குழம்பிவிடும். வெளியேறும் குமிழிகள் எந்தப் பக்கம் கன்னத்தை உரசிப் போகின்றன என்று கவனித்தால் மேல்பக்கம் தெரியும். அந்த நிலையில் கையில் ஒரு பலகையும் போல்ட், நட்டுகளும் தருவார்கள். அளவு பார்த்துப் பூட்டவேண்டும். குளத்தின் தரையில் சாவி, கத்தி, செல்போன், துப்பாக்கிப் பொம்மை எல்லாவற்றையும் போட்டு, தொட்டே அடையாளம் சொல்லச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலுக்கும் பார்வை வரும் என்பதை அங்கேதான் கற்றேன்.

இந்தப் பயிற்சிகளில் மிக முக்கியமானது சிக்கலிலிருந்து விடுபடுவது. மீன்பிடி நைலான், கம்பி, மரக்கிளை, பழைய வலை என்று நன்னீரின் அடியில் கிடக்காத பொருளே இல்லை. கண்மறைத்த டைவரின் சிலிண்டர் வால்வில் பயிற்றுநர் பின்னாலிருந்து நைலான் நரம்பைச் சுற்றிவிடுவார். முன்னேறப் பார்த்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். உடனே உடம்பு செய்ய நினைப்பது இரண்டு: திரும்பிப் பார்ப்பது, காலை உதைப்பது. திரும்பினால் நரம்பு உடம்பைச் சுற்றிக்கொள்ளும், உதைத்தால் ஃபின்ஸிலும் ஏறிக்கொள்ளும். எனக்கு அந்த இடத்தில் கை தானாகவே கத்தரியைத் தேடிப் போனது. முழுமுக மாஸ்க்கில் இருந்த பேச்சுக்கருவியில் பயிற்றுநரின் குரல் வந்தது: “கத்தரியை எடுக்காதீங்க. முதல்ல உங்க கயிறு எங்க இருக்குன்னு பாருங்க.”

காரணம் பின்னால்தான் உறைத்தது. கண் தெரியாமல் வெட்டும்போது முதலில் வெட்டுப்படக்கூடியது நம்மைக் கரையோடு இணைக்கும் கயிறுதான். ஆகவே வரிசை இப்படி: நில். மூச்சைச் சீராக்கு. இடது கையால் இடுப்பிலிருந்து கயிற்றைப் பிடித்துத் தடவி, இது என் கயிறு என்று உறுதிசெய். வந்த திசையிலேயே ஒரு சாண் பின்வாங்கிச் சிக்கலைத் தளர்த்து. பெரும்பாலான சிக்கல் அதிலேயே விட்டுவிடும். விடவில்லை என்றால் மட்டும், நரம்பை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு வெட்டு. கத்தியைவிட முனை மழுங்கிய கத்தரி நல்லது, ரப்பர் உடையிலோ காற்றுக் குழாயிலோ குத்தாது, மெல்லிய கம்பியையும் வெட்டும். வெட்டும் கருவி குறைந்தது இரண்டு இருக்கவேண்டும், எந்தக் கைக்கும் எட்டும்படி நெஞ்சுப் பகுதியில் இருக்கவேண்டும். படங்களில் வருவது போலக் கெண்டைக்காலில் கத்தி கட்டிக்கொள்வது எங்கள் வேலைக்கு ஆகாது. கால் சிக்கினால் கை அங்கே போகாது, அந்தக் கத்தியின் உறையே நரம்பை வாரி இழுக்கும்.

இனி கயிற்றுக்கு வருகிறேன். கரையில் கயிறு பிடிப்பவரை டெண்டர் என்போம். புதிதாக வருபவர்களுக்கு அது எடுபிடி வேலையாகத் தோன்றும். உண்மையில் முக்குளிப்பை நடத்துவதே அவர்தான். கீழே இருப்பவருக்குத் திசை தெரியாது, தூரம் தெரியாது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தெரியாது. அவர் செய்வது ஒன்றுதான்: கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு, கைகளால் தரையைத் துழாவியபடி ஒரு வில் போல நகர்வார். அவருடைய குமிழிகள் தேடவேண்டிய பகுதியின் எல்லையைத் தொட்டதும் டெண்டர் கயிற்றைச் சுண்டுவார். டைவர் நின்று திரும்புவார். டெண்டர் ஒரு மீட்டருக்குள் கயிற்றை விடுவார் அல்லது இழுப்பார். அடுத்த வில் தொடங்கும். துழாவும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்து போகவேண்டும், இல்லாவிட்டால் நடுவே ஒரு கீற்று விட்டுப்போகும். எந்த வில் முடிந்தது, எது விட்டுப்போனது என்று பலகையில் படம் வரைந்து வைப்பவரும் கரையில்தான் இருப்பார்.

சுண்டும் எண்ணிக்கைக்குக் குழுவுக்குக் குழு பொருள் மாறும். எங்கள் குழுவில் டெண்டர் ஒருமுறை சுண்டினால் ‘நில், நலமா?’, இரண்டு என்றால் ‘திரும்பு’, மூன்று என்றால் ‘மேலே வா’. டைவர் பக்கத்திலிருந்து ஒன்று என்றால் ‘நலம்’, மூன்று என்றால் ‘பொருள் கிடைத்தது’, நான்கும் அதற்கு மேலும் என்றால் ‘உதவி’. வேறு குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் நாளில் முதலில் பேசித் தீர்க்கவேண்டியது இதைத்தான். பேச்சுக்கருவி இருக்கிறதே என்று கயிற்றுச் சைகையை விட்டுவிடக்கூடாது, மின்கலம் தீரும் நேரத்தை நம்மிடம் கேட்டுக்கொண்டு தீராது.

நல்ல டெண்டர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளமாட்டார், தொய்யவிடமாட்டார், யாராவது பேச்சுக் கொடுத்தாலும் திரும்பமாட்டார். குமிழிகளைப் பார்த்து டைவரின் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பார். நிமிடத்துக்கு எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கீழே ஏதோ சரியில்லை. டைவரே அதை உணர்வதற்கு முன் டெண்டருக்குத் தெரிந்துவிடும். ‘நில்’ என்று ஒரு சுண்டு சுண்டி, மூச்சு அடங்கும்வரை காத்திருப்பார். அடங்காவிட்டால் மேலே இழுத்துவிடுவார், காரணம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கயிறு எங்கே கட்டப்படுகிறது என்பதும் முக்கியம். மிதவைச் சட்டையின் வளையத்தில் கட்டினால், சிக்கலில் சட்டையைக் கழற்றவேண்டி வந்தால் கயிறும் அதோடு போய்விடும். ஆகவே சட்டைக்கு உள்ளே தனியாக ஒரு வார்ப்பட்டை அணிந்து, அதில் காரபைனர் என்ற பூட்டுள்ள கொக்கியால் கோக்கிறோம். இன்னொரு டைவர் முழு உடையில், மாஸ்க் மட்டும் போடாமல், கரையில் உட்கார்ந்திருப்பார். கீழே சிக்கல் என்றால் அவர் முதலாமவரின் கயிற்றைப் பற்றியே நேராக இறங்குவார், கையில் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவியோடு ஒரு கூடுதல் சிலிண்டர் இருக்கும். டைவர், டெண்டர், தயார்நிலை டைவர், பொறுப்பாளர் என்று குறைந்தது நான்கு பேர் இல்லாமல் எங்கள் குழு தண்ணீரைத் தொடாது. மூன்று பேரோடு போய் நின்றுவிட்டு, நான்காமவர் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற சந்தர்ப்பமும் உண்டு. கரையில் இருந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள். திட்டு வாங்குவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

காற்றுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று. நிதானமாக நீந்தும் பொழுதுபோக்கு டைவர் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் எடுப்பார். இருட்டில், குளிரில், எதைத் தொடப்போகிறோமோ என்ற பதற்றத்தில் வேலை செய்பவர் 40 லிட்டர் எடுப்பது சாதாரணம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே செலவும் 80 லிட்டர். முப்பது நிமிடத்தில் சிலிண்டர் காலி. மூன்றில் ஒரு பங்கை ஆபத்துக்கென்று ஒதுக்கினால் மிஞ்சுவது 20 நிமிடம். அதனால்தான் ஒருவரை ஏறத்தாழ அவ்வளவு நேரம் மட்டுமே வைத்திருந்து ஆளை மாற்றுகிறோம். கலங்கல் நீரில் அளவுமானியை வாசிக்கவும் முடியாதே என்று கேட்கலாம். சரிதான். அதனால் இந்தக் கணக்கும் டெண்டரின் பலகையில்தான் நடக்கும். இதற்குமேல் தனி ரெகுலேட்டரோடு ஒரு சிறு சிலிண்டரும் டைவரின் உடம்பிலேயே இருக்கும்.

தேடல் தொடங்குவது தண்ணீரில் இல்லை, சாட்சியிடம். கடைசியாகப் பார்த்த இடம் எது என்று கேட்டால் எல்லோரும் கையை நீட்டுவார்கள், ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பக்கம் போகும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவர் அப்போது நின்ற அதே இடத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து காட்டச் சொல்லவேண்டும். படகில் ஒருவரை மெதுவாக நகரவிட்டு, “இங்கயா? இன்னும் தள்ளியா?” என்று கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு சாட்சிகளின் கோடுகள் வெட்டும் இடத்தில் மிதவை போடுகிறோம். ஓட்டமில்லாத நீரில் மூழ்கியவர் பெரும்பாலும் அதிக தூரம் போயிருக்கமாட்டார். மூழ்கிய புள்ளியிலிருந்து ஆழத்தின் அளவே ஆரமாக வைத்துத் தேடத் தொடங்குவது நடைமுறை. சாட்சியிடம் கால் மணி நேரம் செலவழித்தால் கீழே பல மணி நேரம் மிச்சமாகும்.

ஆனால் அந்தக் கால் மணி நேரம் எப்போதும் கிடைக்காது. இது உயிரைக் காப்பாற்றும் வேலையா, உடலை எடுக்கும் வேலையா என்பதை முதலில் முடிவுசெய்யவேண்டும். 2011இல் மைக்கேல் டிப்டனும் ஃப்ராங்க் கோல்டனும் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று உண்டு. தலை முழுதும் மூழ்கியவர், நீரின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் 30 நிமிடத்துக்குப் பிறகும், 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 90 நிமிடத்துக்குப் பிறகும் பிழைப்பது அரிதினும் அரிது என்பது அதன் சாரம். சில குழுக்கள் இதைவிடத் தாராளமான நேரம் வைத்திருக்கின்றன. எதுவாக இருந்தாலும் எண் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கவேண்டும். தாய் ஒருத்தி காலைப் பிடித்துக் கதறும்போது கணக்குப் போட யாராலும் முடியாது. நேரம் கடந்துவிட்டால் வேகம் குறைகிறது, ஆபத்தான எதிலும் இறங்குவதில்லை, இருட்டிவிட்டால் காலையில் பார்த்துக்கொள்கிறோம். இந்த முடிவை உறவினரிடம் சொல்ல எங்கள் குழுவில் ஒருவரைத் தனியாக வைத்திருக்கிறோம். அவருடைய வேலை எங்களுடையதைவிடக் கடினம் என்பேன்.

மதகு, அணைக்கட்டு, குழாய்வாய் உள்ள இடங்களில் இன்னொரு எமன் இருக்கிறான்: அழுத்த வேறுபாடு. ஒரு பக்கம் தண்ணீர் 5 மீட்டர் உயரம், மறுபக்கம் காலி என்றால் நடுவிலுள்ள திறப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அரைக் கிலோ இழுவை. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் ஓட்டை என்றால் 900 சதுர சென்டிமீட்டர், அதாவது 450 கிலோ. ஒரு கை உள்ளே போனால் கரையிலிருந்து எத்தனை பேர் இழுத்தாலும் ஆளை முழுதாக மீட்க முடியாது. அருகில் போகும்வரை இழுவையே தெரியாது என்பதுதான் கொடுமை. மதகை மூடியாயிற்று என்று யாராவது போனில் சொன்னால் நாங்கள் இறங்குவதில்லை. நேரில் போய்ப் பார்த்து, பூட்டுப் போட்டு, சாவி எங்கள் பொறுப்பாளரின் பையில் வந்தபிறகுதான் டைவர் தண்ணீரைத் தொடுவார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை எங்கள் குழுவில் மதகைக் காட்டித்தான் சொல்வோம்.

சாக்கடை கலந்த நீர், எரிபொருள் மிதக்கும் நீர் பற்றிச் சுருக்கமாக: வாயும் மூக்கும் தண்ணீர் படாமல் இருக்க முழுமுக மாஸ்க், தோலில் படாமல் இருக்க ரப்பர் ட்ரை சூட். மேலே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றும் முன் உடம்பு முழுவதும் கழுவவேண்டும். கழுவிவிடுபவருக்கும் கயிறு பிடித்தவருக்கும் கையுறையும் கண்ணாடியும் தேவை, கயிறு அதே தண்ணீரில் ஊறித்தானே வருகிறது.

காவல்துறை டைவருக்கும் தீயணைப்பு டைவருக்கும் பயிற்சி பிரிவது சாட்சியப் பொருள்களில்தான். என் கருத்தில் அது தீயணைப்பு டைவருக்கும் கட்டாயம் தெரியவேண்டும். விபத்து என்று அழைக்கப்பட்டுப் போன இடம் மறுநாள் கொலை வழக்காக மாறலாம். காருக்குள் ஆளைத் தேடும்போதே கண்ணாடி ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா, இருக்கைப் பட்டை போட்டிருந்ததா, கியர் எதில் இருந்தது என்பதைக் கையால் தொட்டு மனதில் வைத்துக்கொண்டு, மேலே வந்ததும் சொல்லவேண்டும். காரைக் கிரேன் தூக்கும்போது இவையெல்லாம் மாறிவிடலாம்.

துப்பாக்கி கிடைத்தால் அது குண்டு நிரப்பியது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். நனைந்த தோட்டாவும் வெடிக்கும். குழல் யாரையும் நோக்காமல், குழலுக்குள் எதையும் நுழைக்காமல் எடுக்கவேண்டும். அதைத் துடைத்துக் காயவைத்துக் கொடுப்பதுதான் சுத்தமான வேலை என்று தோன்றும். அதுவே கெடுதல். நனைந்த இரும்பு காற்றுப் பட்டதும் வேகமாகத் துருப்பிடிக்கும். கிடைத்த இடத்தின் தண்ணீரையே ஒரு டப்பாவில் பிடித்து, அதற்குள் மூழ்கவைத்து, அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். தண்ணீரில் கிடந்தால் கைரேகை போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை, அது சரியில்லை. ஈரமான பரப்பிலேயே ரேகையை வெளிக்கொணரும் நுண்துகள் கரைசல் ஆய்வகங்களில் உண்டு. பொருளை எடுக்கும் முன் மிதவை கட்டி, கரையில் உள்ள இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து தூரம் அளந்து எழுதினால்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

உடலைக் கண்டெடுப்பது பற்றி நேரில் கேட்பவர்கள் அதிகம். இருட்டில் கை முதலில் துணியில் படும், பிறகு அதற்குள் இருப்பது புரியும். பயிற்சியில் துணி போட்ட எடைப் பொம்மையை முன்னறிவிப்பில்லாமல் வைத்திருப்பார்கள். அது முழுவதும் தயார்செய்யாது, ஆனால் முதல் திடுக்கிடலில் மூச்சு எப்படி எகிறுகிறது, அதை எப்படி அடக்குவது என்று காட்டிவிடும். தொட்டதும் நின்று, மூன்று சுண்டு, காத்திருப்பு. நீருக்கடியிலேயே பையில் வைத்து மூடிவிட்டு மேலே கொண்டுவருவது நல்லது. தடயமும் சிதறாது, கரையில் நிற்பவர்களும் பார்க்கவேண்டாததைப் பார்க்கமாட்டார்கள். அன்று இரவு டைவரைத் தனியே விடுவதில்லை. பேசவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை. அடுத்த சில வாரங்கள் தூக்கம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்போம். குழந்தையை எடுத்த டைவர் தானாகக் கேட்கும்வரை நாங்கள் அவரை மறுபடி இறக்குவதில்லை.

சேர விரும்புகிறவர்களுக்கு: ஈ.ஆர்.டி.ஐ., பேடி போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகள் பொதுப் பாதுகாப்பு டைவருக்கென்றே பாடத்திட்டம் நடத்துகின்றன. மீட்புப் பணியாளருக்கு இருக்கவேண்டிய திறன்களை அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1006 என்ற தரநிலை பட்டியலிடுகிறது. அட்டை எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, பயிற்றுநர் தானே கலங்கல் நீரில் வேலை செய்தவரா, கடைசித் தேர்வு நீச்சல் குளத்திலா சேற்றுக் குட்டையிலா, பாடம் முடிந்தபின் மாதந்தோறும் ஒத்திகை உண்டா என்று கேளுங்கள். புதியவரை முதலில் எங்கே நிறுத்துவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். சில மாதம் கயிறு பிடித்தபிறகுதான் தண்ணீர் என்று பதில் வந்தால் பெயரைக் கொடுத்துவிடலாம்.